வெங்காயக் கூடையில் மணி பிளாண்ட்

வீட்டை அலங்கரிக்க முடிவு செய்துவிட்டீர்களா? முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பார்த்தால் கடைக்குப் போகத் தோன்றாது.

கைவினை என்றதும் யாருடைய கை என்ற கேள்வி வரும். உங்கள் கைதான் என்றால் ஐஸ் குச்சி நூறு, ஒரு டப்பா பசை, உடைந்த வளையல் துண்டுகள் போதும். கையால் செய்த பொருள் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் அழகு என்பார்கள். அந்தக் கோணல் உங்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

அடுத்தவர் கை என்றால் பத்தமடைப் பாய் வாங்குங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, உடம்பில் உறுத்தாமல் இருக்கவே அவ்வளவு மெல்லிசாக நெய்கிறார்கள். ஆகவே அதில் படுக்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள். வாடகை வீடென்றால் ஒவ்வொரு ஆணிக்கும் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கழிப்பார். அதையும் பாயின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அடியில் கனம் இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். மேசையிலிருந்து தள்ளினால் மட்டும் நிமிராது. இந்த ஆராய்ச்சியை எங்கள் வீட்டுக் குட்டி முடித்துவிட்டது, நீங்கள் மறுபடி செய்ய வேண்டாம்.

இனி செடி. காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள். 1989-ல் நாசா, மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்துப் பார்த்தது. காற்றிலிருந்த சில ரசாயனங்கள் குறைந்தன. அன்றிலிருந்து நர்சரிக்காரர்கள் பாதிப்பேர் நாசாக்காரர்கள். பழைய ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் கணக்குப் போட்டவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிவரை தேவையாம். 600 சதுர அடி ஃபிளாட் என்றால் குறைந்தபட்சம் 560 தொட்டி. கட்டிலையும் பீரோவையும் விற்றுவிட்டு அடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வைப்பது இன்னொரு வழிதான், ஆனால் அதை யாரும் அலங்காரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மணி பிளாண்ட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, திருட வேண்டும் என்பது ஐதீகம். வாங்கினால் பணம் நர்சரிக்காரருக்குத்தானே சேரும்? எதிர்வீட்டு அக்காவிடம் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டபடியே கிள்ளுங்கள். ஒரு கணுவாவது இருக்கும்படி கிள்ளுங்கள். கணு இல்லாவிட்டால் வேர் விடாது, செய்த பாவம் வீண். இந்தக் கொடியின் பூர்வீகம் பசிபிக் கடலில் இருக்கிற மோரியா தீவு. அங்கிருந்து நம் பால்கனிவரை கைமாறி வந்ததில் எத்தனை அக்காக்கள் ஏமாந்தார்களோ!

பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது தண்ணீர் மாற்றுங்கள். ஏறக்குறைய அதே ஒரு வாரத்தில் ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடும். பிறகு மாநகராட்சி ஊழியர் வந்து பாட்டிலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். உங்கள் அலங்காரத்தை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் விருந்தாளி அவர் ஒருவர்தான். மண் தொட்டியென்றால் ஆபத்து வேறு. காலையில் அப்பா ஊற்றுவார், பத்து மணிக்கு வேலைக்கார அம்மா, சாயந்திரம் பாவமே என்று நீங்கள். வேர் அழுகிச் செத்த செடிக்கு வெயில் போதவில்லை என்று நான்கைந்து வீடுகளில் தீர்ப்பு கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, கைவினையையும் செடியையும் ஒன்றாக்கும் வித்தை. ஒரு கண்காட்சியில் வயர் கூடைக்குள் தொட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சமையலறை ஞாபகம் வந்தது. சிவன் கண் முடிச்சில் அம்மா பின்னிய கூடை, பச்சையும் வெள்ளையும். டிவி பார்த்துக்கொண்டே, கீழே குனியாமல் போட்ட முடிச்சுகள். இருபது வருஷமாகியும் ஒன்றுகூட நெகிழவில்லை. வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுக் கூடையைக் கழுவி, மணி பிளாண்ட்டை உள்ளே இறக்கி, ஹாலில் விளக்குக்கு அடியில் வைத்தேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். வந்தவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை செடி வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்திருந்தது. அம்மா கூடையை மடியில் வைத்து, வெங்காயத்தைச் சருகு நீக்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். “உனக்கு வேணும்னா சொல்லேன், வேற ஒண்ணு போட்டுத் தர்றேன். ரெண்டு கட்டு வயர் மட்டும் வாங்கிட்டு வா.”