எங்க இருக்கீங்க?

செல்போனால் நன்மையா, தீமையா என்று பள்ளிக்கூடப் பட்டிமன்றத்தில் பிள்ளைகள் மேஜையைத் தட்டிப் பேசுவார்கள். உலகமே கைக்குள் வந்துவிட்டது என்று ஒரு அணி. கண் போச்சு, கழுத்து போச்சு, படிப்பு போச்சு என்று இன்னொரு அணி. நடுவர் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு கிளம்பிவிடுவார். செல்போன் முக்கியமாகக் கை வைத்த இடத்தை மட்டும் இரண்டு அணியும் தொடுவதே இல்லை. அது நம்முடைய பொய்கள்.

வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலத்தில் யாரும் யாரிடமும் "எங்க இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. போனை எடுத்தால் ஆள் வீட்டில் இருக்கிறார், எடுக்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான். போனை ஒயரில் கட்டிப் போட்டிருந்ததால் மனிதன் அவிழ்த்துவிடப்பட்டிருந்தான். சீட்டுப் பணம் கேட்டு யாராவது கூப்பிட்டால் பிள்ளையை விட்டு "அப்பா வெளிய போயிருக்காங்க" என்று சொல்லவைத்தால் போதும். "எப்ப வருவாங்க?" என்று எதிர்முனை கேட்டால், அந்தப் பிள்ளை ரிசீவரைப் பொத்தாமல் உள்ளே திரும்பி, "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்கும். இந்த ஒரு ஆபத்தைத் தவிர அது நல்ல ஏற்பாடு.

யோசித்துப் பார்த்தால், உலகத்தின் முதல் செல்போன் அழைப்பே இந்த 'எங்க இருக்கேன் தெரியுமா?' விவகாரம்தான். 1973 ஏப்ரல் 3ஆம் தேதி மோட்டோரோலா கம்பெனியின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க்கில் தெருவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் கனத்த ஒரு கருவியைக் காதில் வைத்து, போட்டியாளரான பெல் லேப்ஸில் இருந்த ஜோயல் எங்கலைக் கூப்பிட்டார். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற போனில் இருந்து பேசுகிறேன் என்பதுதான் சேதி. எதிராளிக்கு வயிறு எரிய வேண்டும், வேறொன்றுமில்லை. ஊட்டிக்குப் போன மச்சினர் போட்டானிகல் கார்டன் வாசலிலிருந்து வீடியோ கால் போடும்போதெல்லாம் எனக்குக் கூப்பர் நினைவுதான் வரும்.

இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிச் செல்போன் சேவையைத் தொடங்கி வைத்தார். இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது நாட்டுக்கே தெரியும் என்பதால் பொய்க்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. வாய்ப்பிருந்தாலும் கட்டுப்படியாகாது. அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். நமக்கு வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. அந்த விலைக்கு மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவார்கள்.

2003இல் இன்கமிங் இலவசமானது. பொய் ஏழைக்கும் எட்டியது. கூப்பிடக் காசில்லாதவர்களுக்கு மிஸ்டு கால் இருந்தது. ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் 'கிளம்பிட்டேன்', இரண்டு ரிங் விட்டால் 'வந்துட்டேன், கேட்டைத் திற'. இதில் ஒரு பைசா செலவில்லாமல், வாய் திறக்காமல், லுங்கியைக் கூட மாற்றாமல் 'கிளம்பிட்டேன்' என்று பொய் சொல்ல முடிந்தது. தமிழன் கண்டுபிடித்த சிக்கனங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் டவுன் பஸ்ஸில்தான் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவர். இஸ்திரி கலையாத சட்டை, மடியில் ஃபைல். போன் அடிக்கிறது. எடுத்து, "சார், கிண்டி தாண்டிட்டேன் சார். சைதாப்பேட்டை சிக்னல்தான். பத்து நிமிஷம்" என்கிறார். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துவிட்டு, "சானடோரியம் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வா" என்கிறார். நம்மவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஆனால் அசரவில்லை. "பக்கத்துல யாரோ போன்ல பேசுறாங்க சார், ஒரே சத்தம்" என்று போட்டார் ஒரு போடு. அவர் பக்கத்தில் இருந்த பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூக்கூடை வைத்திருந்த அம்மாள் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். கண்டக்டருக்கும் புரிந்துவிட்டது போல. அடுத்து குரோம்பேட்டையைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவனின் வேலையைக் காப்பாற்ற ஒரு பஸ்ஸே ஒற்றுமையாக நிற்கிறது. செல்போனால் மனிதர்களுக்குள் நெருக்கம் குறைந்துவிட்டது என்பவர்கள் பஸ்ஸில் போவதில்லை.

இத்தனை வசதியையும் கொடுத்த செல்போன், ஸ்மார்ட்போன் ஆனதும் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தது. 2014 நவம்பரில் வாட்ஸப்பில் நீல டிக் வந்தது. 'மெசேஜ் பார்க்கவே இல்லப்பா' என்ற அருமையான வாக்கியம் அன்றோடு செத்தது. 2017இல் லைவ் லொகேஷன். முன்பெல்லாம் "எங்க இருக்கீங்க?" என்று கேட்ட என் மனைவி இப்போது கேட்பதில்லை. "லொகேஷனைப் போடுங்க" என்கிறாள். போட்டால், வரைபடத்தில் நானொரு புள்ளியாக டீக்கடை வாசலில் அசையாமல் நிற்பது தெரிகிறது. "டிராஃபிக்" என்று சொன்னால், "ரோடு முழுக்கப் பச்சையாத்தானே இருக்கு?" என்று பதில் வருகிறது.

இதிலாவது வாயால் சமாளிக்கலாம். கடைகளில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதை என்ன செய்வது? எனக்குச் சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சாயங்காலம் தெருமுனையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அழைப்பு. சட்னி கையோடு எடுத்து, "வந்துட்டே இருக்கேன், நடந்துதான் வர்றேன், டாக்டர் நடக்கச் சொன்னாரே" என்று சொல்லி முடிக்கவில்லை. பக்கத்தில் தின்றவர் ஸ்கேன் செய்து பணம் அனுப்ப, பெட்டியிலிருந்து கணீரென்று ஒரு பெண் குரல்: "அறுபது ரூபாய் பெறப்பட்டது." என் மனைவி ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "அறுபது ரூபாய்க்கா சாப்பிட்டீங்க?" என்றாள். நான் தின்றது இருபது ரூபாய்க்குத்தான். அதைச் சொல்லி நிரூபிக்கவும் முடியவில்லை. சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது, கள்ள நோட்டுப் பயம் போனது என்று நாடே கொண்டாடட்டும். ரொக்கம் ஊமையாக இருந்தது என்பது அதன் பெரிய குணம்.

இத்தனை காவலையும் மீறி, நான் அறிந்தவரை இன்றும் நிம்மதியாகப் பொய் சொல்கிறவள் என் அம்மா ஒருத்திதான். மன்னார்குடிப் பக்கம் ஊரில் தனியாக இருக்கிறாள். தினமும் வீடியோ கால். ஆனால் போனைப் பிடிக்கிற பிடியில் பாதி நெற்றியும் முழு மின்விசிறியும் தெரியும். "கொஞ்சம் கீழ இறக்கும்மா" என்றால் விசிறி போய் உத்தரம் வரும். தெரியாமல் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது, கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு ஒரு வாரமாக எனக்கு விசிறி காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. கேட்டால், "சொன்னா நீ லீவு போட்டுட்டு ஓடி வருவேடா" என்கிறாள். லொகேஷன், நீல டிக் எதுவும் அவளிடம் செல்லாது.

அவளுக்கும் ஒரு நாள் வந்தது அந்த அழைப்பு. நம்மைப் போன்ற சில்லறைப் பொய்யர்களை ஒழித்துவிட்டு, அதே போனில் தொழில்முறைப் பொய்யர்கள் குடியேறிவிட்டார்கள் அல்லவா? மும்பை போலீஸ் என்று இந்தியில் ஆரம்பித்திருக்கிறான். "தமிழ்ல பேசு தம்பி" என்றிருக்கிறாள். தட்டுத்தடுமாறித் தமிழுக்கு வந்து, உங்கள் பேரில் ஒரு பார்சல் என்றிருக்கிறான். "திண்ணையில வெச்சுட்டுப் போப்பா, கால் முடியல." அதில் டிரக்ஸ் இருக்கிறது என்று மிரட்டியிருக்கிறான். "மருந்தா? அதெல்லாம் பையன் வாங்கி அனுப்பிட்டான். நீ சாப்பிட்டியா?" வைத்துவிட்டானாம். பாவம், நல்ல பையன், குரலே சரியில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டாள்.

எல்லோருக்கும் இந்தச் சாமர்த்தியம் வாய்க்காது. ஓய்வு பெற்ற பெரிய பெரிய அதிகாரிகளே வீடியோ கால் முன்னால் மணிக்கணக்கில் நடுங்கி உட்கார்ந்து பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். சொந்தத் தம்பி கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்' என்கிற நாம், முன்பின் தெரியாதவன் போனை வைக்காதே என்றால் வைக்காமல் இருக்கிறோம். இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. இதை வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். அவர்களிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள்.