பெரியப்பாவுக்கு, எட்டு சிலிண்டர் விஷயமாக

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே மழை. அறுபது வருஷத்துக் காருக்கு மனுஷன் பழைய இன்ஜின் தேடி அலைவானா, இங்கிலாந்தில் புதுசே கிடைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் நம்மூர்ப் பெரியவர்கள் ஓய்வு பெற்றால் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிறார்கள்; இங்கிலாந்துக்காரர்கள் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போகிறார்கள். அங்கே பாதி பிரித்துப் போட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி அது. அதற்குப் பலமான எட்டு சிலிண்டர் இன்ஜினாகப் பார்த்து வாங்குவதில் இந்த நாட்டில் இரண்டு கட்சிகள். குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்குவது ஒரு கட்சி. அந்த இன்ஜின் எந்த வண்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, வண்டியோடு சேர்த்தே வாங்குவது இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். காரணம் சொல்கிறேன், பட்டறைக்காரரான நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எம்.ஜி.பி.யோடு பிறந்த இன்ஜின் உங்களுக்குப் புதிதல்ல. நம் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு அது அண்ணன்; இரண்டும் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் வம்சம். 1798 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 95 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு எல்லாரும் ஏற்ற நினைப்பது ரோவர் வி8. இதை அசல் பிரிட்டிஷ் ரத்தம் என்று மீசை முறுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் இது அமெரிக்கா வேண்டாமென்று ஒதுக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1961 மாடல் ப்யூக் கார்களுக்காக முழுக்க அலுமினியத்தில் வார்த்த மூன்றரை லிட்டர் இன்ஜின். வார்ப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1963-லேயே கைவிட்டார்கள். ரோவரின் நிர்வாக இயக்குநராக இருந்த வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், அமெரிக்காவில் மெர்குரி மரைன் என்ற படகு இன்ஜின் கம்பெனியின் பட்டறையில் இதைப் பார்த்து ஆசைப்பட்டார். 1965-ல் உரிமை கைமாறியது. ஒரு பெரிய கார் கம்பெனியே பட்டறையில் கிடந்ததைப் பார்த்துத்தான் இன்ஜின் பிடித்திருக்கிறது என்றால், கொட்டகைக்காரரை நாம் ஏன் கேலி செய்ய வேண்டும்? இதே ப்யூக் இன்ஜினின் ஓல்ட்ஸ்மொபைல் பங்காளியிலிருந்து பிளாக்கை எடுத்துத்தான் ஆஸ்திரேலியாவின் ரெப்கோ பந்தய இன்ஜின் கட்டியது. அதை வைத்து ஜாக் பிராபம் 1966-ல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டமே வாங்கினார். அலுமினியம் என்பதால் எடையும், இரும்பு பி-சீரிஸும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு சிலிண்டரைத் தூக்கி வைத்தாலும் எம்.ஜி.பி.யின் மூக்கு தொங்காது. கென் காஸ்டெல்லோ என்பவர் இதைத் தனியாகச் செய்து விற்க ஆரம்பித்த பிறகுதான் எம்.ஜி.பி. செய்த கம்பெனிக்கே உறைத்தது. 1973 முதல் 1976 வரை 137 குதிரைத்திறனோடு 2,591 எம்.ஜி.பி. ஜி.டி. வி8 கார்களை அவர்களும் செய்தார்கள்.

இப்போது என் வாதம். இந்த நாட்டில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பை வாரி இறைக்கிறார்கள். நம்மூரில் இன்ஜினை நாலு முறை இறக்கி ரீபோர் போட்டாலும் பாடி அசையாமல் நிற்கும், இங்கே நேர்மாறு. சேஸிஸ் உப்பில் கரைந்து, வருஷாந்தர எஃப்.சி.யில் (இங்கே எம்.ஓ.டி.) வண்டி தோற்றுப்போகும்போது அலுமினிய இன்ஜின் ஒன்றும் நடக்காததுபோல உறுமிக்கொண்டிருக்கும். ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி என்று பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் வண்டிகளில் தொண்ணூறுகளில் இதே வி8 ஏராளமாகப் போனது. அடியில் துருவேறிய அப்படியொரு வண்டியை வாங்க ஆள் கிடையாது. ஆகவே விலை படியும். ஆனால் அதே இன்ஜினைத் தனியாகக் கழற்றி, கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து மரப்பலகையில் ஏற்றிவிட்டால் விலை ஏறிவிடுகிறது. ஆதாரம் போனதற்குக் கூடுதல் கூலி! “கழற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது” என்று ஒவ்வொரு விற்பனையாளரும் சொல்வார். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு.

மாட்டுச் சந்தையில் நீங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பீர்கள். உரித்த தோலைக் காட்டி மாடு நல்ல மாடு என்றால் ஒத்துக்கொள்வீர்களா? வண்டியில் இருக்கும் இன்ஜினை நடக்கவிட்டுப் பார்க்கலாம். ஸ்டார்ட் பண்ணும் முன் பிளாக்கில் கை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டி எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் டாப்பெட் சத்தம் சில வினாடியில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கேம்ஷாப்ட் தேய்ந்திருக்கலாம். ஆயில் மாற்றச் சோம்பல்பட்ட வண்டிகளில் இந்த இன்ஜினுக்கு முதலில் போவது கேம்தான். ராக்கர் மூடியைத் திறந்தால் வண்டலாகக் கறுப்புச் சேறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். நீலம் மஞ்சளானால் கூலன்டில் புகை கலக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ, அதைவிட மோசமானதோ. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுத்தால், எண்ணைவிட எட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் மட்டும் பதற வேண்டாம், இதன் சுபாவமே அது. பலகை மேல் இருப்பதில் இவற்றில் பாதிக்கு மேல் பார்க்கவே முடியாது. பெயின்ட் நன்றாக அடித்திருக்கிறார்களா என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

பெரிசாகத்தான் வாங்குவோமே, 4.6 லிட்டரில் 225 குதிரைத்திறன் வருகிறதே என்பது எதிர்க்கட்சியின் பலமான கேள்வி. பழைய மூன்றரை லிட்டரில் சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர். 3.9, 4.0, 4.6 எல்லாவற்றிலும் 94. வெளி அளவு மாறாமல் துளையைப் பெரிதாக்கினால் சுவர் மெலியத்தானே செய்யும்? சூடேறினால் உள்ளே இறக்கியிருக்கும் இரும்பு லைனருக்குப் பின்னால் அலுமினியம் விரிசல் விடும் வியாதி 4.0, 4.6 இரண்டுக்கும் பேர்போனது. போதாததற்கு, 1994-க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவரில் வண்டியின் கம்ப்யூட்டர் தன் சாவியை அடையாளம் கண்டு உத்தரவு கொடுத்தால்தான் இன்ஜின் பற்றும். சர்க்கார் ஆபீஸ் நடைமுறையைச் சிலிண்டருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் திறனும் சும்மா வராது: கியர்பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக், ரேடியேட்டர் என்று வரிசையாகக் கை நீட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த 3.9 சுமார் 180 கொடுக்கிறது. ஒரு டன் சொச்சம் கனமுள்ள வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு? நல்ல மூன்றரை லிட்டர் கிடைத்தால் எனக்கு அதுவே போதும்.

முழு வண்டியை வாங்கினால் மிச்சத்தை எங்கே வைப்பது என்பீர்கள். நியாயம். ரேஞ்ச் ரோவரின் நாலு சக்கர கியர்பாக்ஸ் எம்.ஜி.பி.க்கு உதவாது, உயரமான இன்லெட் மேனிஃபோல்டோ போனட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஆனால் கதவு, சீட், ஆக்சில், விளக்கு என்று விற்றால் போட்ட பணத்தில் கணிசம் திரும்பும். கூட்டைக் காயலான் கடைக்குத் தள்ளலாம். இங்கிலாந்துக் காயலான் கடையில் ரொக்கம் கொடுக்கச் சட்டமே தடை, 2012 கடைசியிலிருந்து. திருட்டு உலோகத்தை ஒழிக்கப் பாங்கு வழியாகத்தான் பணம். புதுப்பேட்டையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வாசலில் துருப்பிடித்த வண்டி நிற்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். “சுவாரசியமான வேலை போலிருக்கிறதே” என்பார்கள். அதுதான் புகார்.

அசலைக் கெடுக்கலாமா என்பவர்களுக்குச் சட்டமே பாதி பதில் சொல்கிறது. நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்.ஓ.டி. விலக்கு உண்டு, கம்பெனியே அந்த மாடலுக்குப் போட்ட வேறு இன்ஜினைப் போட்டால் அது பெரிய மாற்றமாகாது. ஆபிங்டனே வி8 போட்டுவிட்டதால் நமக்கு வழி இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் மாற்ற வேண்டும். நம்மூரில் பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் இன்ஜின் ஏற்றியபோது அசல் போச்சே என்று யாரும் அழவில்லை. பாட்டரி மோட்டார் போடலாமே என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அது வேறு சந்தோஷம்.

ஒன்று மட்டும் உங்கள் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். ரேஞ்ச் ரோவர் இன்ஜின் எம்.ஜி.பி.யில் பொருந்த முன்மூடியை மாற்ற வேண்டிவரலாம், ஆயில் பம்ப் அதில்தான் இருக்கிறது. திறந்த பம்ப் தானாக ஆயிலை இழுக்காது. பல்சக்கரங்களுக்கு நடுவே வாஸ்லினை நிறைய அப்பி மூட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில் மெஷினால் பம்ப்பைச் சுற்றி, கேஜில் முள் எழுந்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்