ஐஸ் போட்ட கான்கிரீட்

வளைகுடாவில் கான்கிரீட்டுக்கும் சர்பத்துக்கும் ஒரே உபசாரம்தான்: ஐஸ். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவுக்குக் கோடையில் ராத்திரி நேரமாகப் பார்த்து, ஐஸ் கலந்தே கான்கிரீட் போட்டார்கள். கடலைவிட உப்பான நிலத்தடி நீர் கம்பியைத் தின்றுவிடாதபடி அடித்தளத்துக்கு மின்சாரம் வழியான துருத் தடுப்பும் (கேதோடிக் புரொடெக்‌ஷன்) கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கோபுரமே நிற்கிறது, இரண்டு மாடி வில்லாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கோபுரத்தை நிற்க வைத்திருப்பதே உப்பைப் பற்றிய அந்தப் பயம்தான். வில்லாவில் கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லியைச் செருகினால், உப்பு உள்ளே போகும், துருப்பிடித்த கம்பி உப்பும், கான்கிரீட் வெடிக்கும். செலவு கட்டுப்படியாகாது என்பீர்களா? கவர் பிளாக் ஒரு டீக்காசுகூட ஆகாது. மிச்சம் பிடித்த அந்தக் காசை சீலிங் பின்னாளில் சில்லு சில்லாகத் திருப்பித் தரும், தலையிலேயே.