அகிம்சையும் அரசாணை எண் 72ம்

நம்மை ஆள்கிறவர்களுக்கு அகிம்சை மேல் அப்படியொரு பிரியம். அக்டோபர் 2 வந்தால் காந்தி சிலைக்கு மாலை, ஜனவரி 30 வந்தால் இரண்டு நிமிட மௌனம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் குறை வைப்பதில்லை. நான்கு பேர் கொடி பிடித்துத் தெருவில் இறங்கினால் போதும், போராட்டம் அறவழியில் நடக்க வேண்டும் என்று அமைச்சர் முதல் இன்ஸ்பெக்டர் வரை வகுப்பெடுப்பார்கள். எது அறவழி என்பதை லத்தி வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார் என்பது மட்டும் அந்த வகுப்பில் வராது.

தூத்துக்குடிக்காரர்கள் அந்த வகுப்பை ஒழுங்காகக் கவனித்தவர்கள். 2018 பிப்ரவரி 12 அன்று குமரெட்டியாபுரம் மக்கள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை விரிவாக்காதே, இருப்பதையும் மூடு என்பதுதான் கோரிக்கை. எடுத்த எடுப்பில் அங்கே போய் உட்கார்ந்துவிடவில்லை. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லியாயிற்று, உச்ச நீதிமன்றம் தடை போட்டாயிற்று. 2013 மார்ச்சில் வாயு கசிந்து ஊரே மூச்சுத் திணறியபோது பூட்டுப் போட்டார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லிவிட்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. மே மாதக் கடைசியில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறந்தும் விட்டது. இத்தனையும் பார்த்த பிறகுதான் மரத்தடி. 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. தற்காலிகப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பது நாள் ஓடியது. கேட்ட அரசாணை வரவில்லை.

நூறாவது நாள் மே 22. முதல் நாள் இரவே 144 போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பனிமய மாதா கோயில் பக்கமிருந்து குழந்தை குட்டிகளோடு கிளம்பிய கூட்டம் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போனது. கலெக்டர் கோவில்பட்டியில் இருந்தார். மனு வாங்க ஆளில்லாத அலுவலகத்தில் சுடுவதற்கு ஆளிருந்தது.

கல் பறந்தது, உண்மை. கலெக்டர் அலுவலக வளாகத்தில் வண்டிகள் எரிந்தன, அதுவும் உண்மை. எரித்தவனைப் பிடித்து வழக்குப் போடு, உள்ளே தள்ளு, யார் வேண்டாம் என்றது? ஆனால் எரிந்த வண்டிக்குப் பதில் ஓடுகிறவன் முதுகா? மொத்தம் 13 பேர் செத்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ், 12 பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ குண்டு பாய்ந்திருந்தது என்றும், அவர்களில் பாதிப் பேருக்குக் குண்டு பின்னாலிருந்து வந்தது என்றும் எழுதியது. முட்டிக்குக் கீழே சுட வேண்டும் என்பது காவல் துறைப் பாடம். தூத்துக்குடிக்காரனுக்கு முட்டி பிடரியில் இருக்கிறது போலும். வேன் கூரை மேலேறி மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒருவர் நிதானமாகக் குறி பார்த்ததை நாடே பார்த்தது. மறுநாள் அண்ணா நகரில் குண்டடிபட்டு ஓர் இளைஞன் தரையில் கிடக்கிறான். வயது 22. சுற்றிலும் பூட்ஸ் கால்கள். நடிக்காதே, எழுந்து போ என்று ஒரு குரல் அதட்டுவது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அவன் எழுந்திருக்கவே இல்லை. இத்தனை தத்ரூபமாக நடிக்கிறவனைச் சினிமாக்காரர்கள் எப்படித் தவற விட்டார்களோ!

சுட உத்தரவிட்டது யார் என்று கேட்டபோது போலீஸ் நீட்டிய காகிதத்தில் துணை வட்டாட்சியர்களின் பெயர்கள் இருந்தன. சாதிச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் நடையாய் நடந்தாலும் கையெழுத்து விழாத துறை அது. உயிரெடுக்க மட்டும் அன்றைக்கே கையெழுத்து விழுந்துவிட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியோ, தானும் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத்துறை ஐஜியும் நிமிஷத்துக்கு நிமிஷம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பிற்பாடு எழுதியது. போகட்டும், அவருக்காவது டிவி இருந்தது. தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்துக்கும் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று ரஜினிகாந்தும் வந்து சொல்லிவிட்டுப் போனார். எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடே சுடுகாடாகிவிடும் என்பது அவர் கவலை. சுடுகாட்டுக்குப் போன பதின்மூன்று பேரும் போராடித்தான் செத்தார்கள், சுடப்பட்டதால் அல்ல என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நடந்ததுதான் எனக்கு ஆத்திரம் தீராத இடம். மே 28 அன்று அரசாணை எண் 72 வருகிறது. ஆலையை நிரந்தரமாக மூடு என்கிறது. துப்பாக்கி வெடித்த ஆறாவது நாள்! நூறு நாள் நகராத பேனா, பதின்மூன்று பிணம் விழுந்ததும் ஓடியது. இந்தக் கணக்கை மக்கள் போடவில்லை, கோட்டையில் உட்கார்ந்து ஆள்கிறவர்கள் போட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்தால் மதிப்பு சைபர், ரத்தம் சிந்தினால் அரசாணை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, வன்முறையால் எதையும் சாதிக்க முடியாது என்று மறுபடி மைக்கைப் பிடிக்கிறார்கள். வன்முறைக்கு இவர்களைவிடப் பெரிய பிரச்சாரகர்கள் எந்தத் தலைமறைவு இயக்கத்தில் இருக்கிறார்கள்?

தூத்துக்குடிக்கு இது புதிதும் அல்ல. 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னிறுத்தி வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கேட்டு, அமைதியாகவே ஜெயித்தார்கள். வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. சில நாளிலேயே, மார்ச் 12 அன்று தலைவர்களைக் கைது செய்தான். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். கூட்டத்தைக் கலவரக் கும்பல் என்று அவனும்தான் எழுதி வைத்தான். மூன்று வருஷம் கழித்து வாஞ்சிநாதன் மணியாச்சி ஸ்டேஷனில் ரயிலுக்குள் வைத்துக் கலெக்டர் ஆஷைச் சுட்டான். இன்றைக்கு அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர். அந்த மாவட்டத்துக்கே சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கலெக்டரைச் சுட்டவன் பெயரில் ரயில் நிலையம் உள்ள மாவட்டத்தில், கலெக்டரைப் பார்க்கப் போனவர்கள் சமூக விரோதிகள். இன்னும் நூறு வருஷம் போகட்டும், அவர்களுக்கும் ஒரு பஸ் ஸ்டாண்டு கிடைக்கலாம்.

எடப்பாடியை மட்டும் திட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தபோது ஆட்சியில் இருந்தது திமுக. ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து 17 பேர் போனார்கள். அதற்கும் ஆணையம் உண்டு. பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று அது கண்டுபிடித்தது. தண்ணீருக்குள் அவர்களை இறக்கியது யார் என்பது ஆற்றுக்குத்தான் தெரியும் போல.

தூத்துக்குடி ஆணையம் அப்படி மழுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடுகிறவர்களைப் பூங்காவுக்குள் மறைந்திருந்து சுட்டார்கள் என்று எழுதியது. ஐஜி தொடங்கி 17 போலீஸ்காரர்கள் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. வந்த சூட்டில் ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். ஐஜி வரை ஏற வேண்டிய நடவடிக்கைக்கு இன்ஸ்பெக்டர் படியிலேயே மூச்சு வாங்கிவிட்டது.

கல்லெறியாமல் உட்கார்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்த்துவிடலாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்தில் 2022 ஜூலையில் உட்கார்ந்தார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். ஒரு கல்லும் பறக்காமல் ஆயிரம் நாளும் தாண்டியது. அவர்கள் கேட்ட அரசாணையும் வரவில்லை. நிலம் எடுக்கும் அறிவிப்புகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தன.