கட்டிலுக்கு அடியில் ஒரு மோட்டார்

அனகார்ட்டஸ்,
வாஷிங்டன் மாநிலம்,
அக்டோபர் மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே "சரி கண்ணு, வெச்சுடு, பில்லு ஏறும்" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பில் ஏறாது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கப்பலில் வேலை பார்ப்பதாக ஊரில் பேச்சாமே. ஒரு கல்யாணப் பந்தியில் "கேப்டன்" என்றே சொல்லிவிட்டார்களாம். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான், மறுக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நான் பார்ப்பது கப்பல் இல்லை, போட். முப்பது அடி நீளம். அதற்குள் அடுப்பு, கக்கூஸ், மெத்தைக் கட்டில் எல்லாம் உண்டு. ரிட்டயர் ஆன தம்பதிகள் கோடைக்காலம் முழுக்க அதிலேயே தீவு தீவாகச் சுற்றுவார்கள். கேப்டன் அவர்கள். நான் அவர்களுடைய கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, காலை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கிற ஆள்.

கட்டிலுக்கு அடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கேதான் மோட்டார் இருக்கிறது.

போட்டுக்கு பிரேக் கிடையாது. காரைப் போல முன்சக்கரமும் திரும்பாது, பின்பக்கம்தான் விலகும். ஒற்றை இன்ஜின் போட்டை ரிவர்ஸில் போட்டால் நேராகப் பின்னால் வராது, பின்பாகம் ஒரு பக்கமாக நழுவும். பெரும்பாலும் இடப்பக்கம். இந்த ஊரோ ஒரு தீவின் முனையில் இருக்கிறது. பக்கத்துத் தீவுக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் குவெமஸ் கால்வாயில் ஏற்றவற்றத்துக்கு ஏற்பத் தண்ணீர் ஆறாக ஓடும். கொஞ்சம் தெற்கே டிசெப்ஷன் பாஸ் என்று ஒரு இடுக்கு, அங்கே 8 நாட் வேகத்தில் கூட ஓடும். இப்படி நீரோட்டமும் குறுக்குக் காற்றும் இருக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் விலையுள்ள போட்டுகள் நிற்க, நடுவில் இருக்கும் சந்துக்குள் உங்கள் போட்டை நுழைக்க வேண்டும். அதற்குத்தான் த்ரஸ்டர். முன்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குழாய். அதற்குள் சின்ன புரொப்பல்லர். மேலே 12 வோல்ட் டி.சி. மோட்டார். ஜாய்ஸ்டிக்கை இடதுபுறம் தள்ளினால் மூக்கு இடதுபுறம் போகும், வலதுபுறம் தள்ளினால் வலதுபுறம். வசதியுள்ளவர்கள் பின்பக்கமும் ஒன்று வைத்திருப்பார்கள்.

இந்த மோட்டாரைப் பார்த்தால், நம் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற உங்களுக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும். சீரிஸ் வைண்டிங். லாரி ஸ்டார்ட்டர் மோட்டாரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கார்பன் பிரஷ், கனத்த செம்புப் பட்டையில் ஆர்மேச்சர். ஓடும்போது 300 ஆம்பியர் குடிக்கும். தொடர்ச்சியாக இரண்டு மூன்று நிமிடம்தான் தாங்கும், அதற்கு மேல் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் தெர்மல் சுவிட்ச் கட் செய்துவிடும். ஆறினால் தானாகவே திரும்ப வேலை செய்யும். இது தெரியாமல் தன் போட்டில் ஆவி புகுந்திருப்பதாக நம்பிய ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். நான் விளக்கிச் சொன்ன பிறகும் ஆவியைத்தான் அவர் நம்புகிறார். இன்னொருவர் போட்டைக் கரையேற்றி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்று ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினார். தண்ணீர் இல்லை, லோடு இல்லை, சீரிஸ் மோட்டார். அது போட்ட சத்தத்தில் நான் ஏணியில் மூன்று படியைத் தாண்டி ஏறினேன். நம் பட்டறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் உங்கள் கையிலிருக்கும் ஸ்பேனர் எங்கே போயிருக்கும் என்று யோசித்தபடி, "சார், தயவுசெய்து வேண்டாம்" என்றேன். இங்கே கஸ்டமரிடம் அவ்வளவுதான் சொல்லலாம்.

போன மாதம் வந்த வேலையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரும் அவர் மனைவியும். முன் த்ரஸ்டர் ஓடவில்லை, "டக டக டக" என்று மட்டும் சத்தம். பின் த்ரஸ்டர் வலதுபுறம் தள்ளுகிறது, இடதுபுறம் தள்ளுவதில்லை. ஆக, போட்டைக் கட்டும்போதெல்லாம் இருவருக்கும் சண்டை. அவர் "கயிறைப் போடு" என்பாராம், அந்தம்மா "கிட்ட வந்தால்தானே போடுவேன்" என்பாராம். துறையில் உள்ள மற்ற போட்டுக்காரர்கள் காபிக் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனையும் சொல்வார்கள். எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது: மோட்டார் போச்சு.

வாத்தியார் அதற்குள் புது பேட்டரி போட்டிருந்தார், ஜாய்ஸ்டிக்கையும் மாற்றியிருந்தார். புது மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த ஊரில் இதுதான் வழக்கம், பெரியப்பா. கோளாறைத் தேட மாட்டார்கள், பொருளை மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. மெக்கானிக் கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல். நாலு மணி நேரம் தேடினால் அதுவே ஒரு பாகத்தின் விலை. காயில் கட்டுகிற கடை என்று இந்த வட்டாரத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கருகிய மோட்டார் நேராக ஸ்கிராப் தொட்டிக்குப் போகிறது, அத்தனை செம்போடும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, கட்டிலுக்கு வருவோம். மெத்தையைத் தூக்கி, தலையணை, போர்வை, ஒரு நாய்ப் படுக்கை (நாயோடு) எல்லாவற்றையும் அப்புறப்படுத்திப் பலகையைத் திறந்தேன். கார்பன் தூள் படிந்து அடியெல்லாம் மை பூசியது போல இருந்தது. மீட்டரை வைத்தேன். பேட்டரி 12.7 வோல்ட், கச்சிதம். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் "கரண்ட் இருக்கிறது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். லோடு இல்லாமல் பார்த்த வோல்டேஜை வைத்து ஒரு முடிவுக்கும் வராதே என்று நீங்கள் என் மண்டையில் தட்டியது இன்றைக்கும் உறைக்கிறது.

அந்தம்மாவை மேலே ஜாய்ஸ்டிக் பக்கம் நிறுத்தி, நான் சொல்லும்போது அழுத்தச் சொன்னேன். "இடது" என்றேன். "யாருடைய இடது?" என்று கேட்டார். நான் மல்லாந்து, தலையை முன்பக்கம் வைத்துக் கிடந்தேன். நியாயமான கேள்விதான். போட்டுக்காரர்கள் இதற்காகவே போர்ட், ஸ்டார்போர்ட் என்று வைத்திருக்கிறார்கள், ஆள் எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாது. அப்படியே பேசிக்கொண்டோம்.

அழுத்தியதும் "டக டக டக". மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கிற பொத்தான் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தால் பேட்டரி முனையில் 11.4, மோட்டார் முனையில் 6 சொச்சம். நடுவில் 5 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். அந்த டக டக எப்படி வருகிறது என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மோட்டாருக்குக் கரண்டை விடுகிற சொலனாய்டு சுவிட்ச் இழுக்கும், மோட்டார் கரண்டைக் கேட்கும், வோல்டேஜ் சரியும், காயிலுக்குப் பிடிக்கச் சக்தி இல்லாமல் சொலனாய்டு விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப இழுக்கும். அப்பாவி சொலனாய்டைத்தான் அடுத்ததாக மாற்றியிருப்பார்கள்.

பாசிட்டிவ் பக்கம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஃபியூஸ், மெயின் சுவிட்ச், கேபிள் முனையில் இருக்கும் லக் எல்லாம் சேர்த்து அரை வோல்ட் கூடப் போகவில்லை. பிறகு ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை மோட்டாரின் நெகட்டிவிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட்டுக்கு மேல். "போற வழியை எல்லாரும் பாப்பாங்க, வர்ற வழியை எவனும் பாக்க மாட்டான்" என்பீர்களே, கடல் தாண்டியும் அதே கதைதான்.

வர்ற வழி எங்கே போகிறது என்று பார்த்தால், படிக்கட்டுக்கு அடியில் ஒரு பஸ்பார். அங்கே ஒரு தடித்த லக். வெளியில் பார்த்தால் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. ஆனால் தொட்டால் சுட்டது. நாலைந்து முறை அழுத்தியதற்கே அந்தச் சூடு. மேலுறையைக் கீறினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சை, அதற்குப் பின்னால் கறுப்பு. யாரோ ஒரு காலத்தில் சரியான கிரிம்பிங் டூல் இல்லாமல் சுத்தியலால் தட்டி நசுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் உப்புக் காற்று புகுந்து சாவகாசமாகத் தின்றிருக்கிறது. வாத்தியாருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 300 ஆம்பியர் போகும்போது 3 வோல்ட் காலி. 3ஐ 300ஆல் பெருக்கினால் 900 வாட். அந்த லக்குக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. அவர் கணக்கு வாத்தியாராம், கையிலேயே எழுதிச் சரிபார்த்தார்.

பளிச்சென்று செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டினேன், ஒரு சாண் போனது. வெள்ளீயம் பூசிய புது லக், ஹைட்ராலிக் கிரிம்ப், மேலே பசையோடு சுருங்குகிற உறை. அழுத்தச் சொன்னேன். "உர்ர்ர்" என்று த்ரஸ்டர் உறுமிய சத்தத்தில் அடுத்த நாலு போட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வாத்தியாருக்குச் சந்தோஷத்தை விட ஏமாற்றம்தான் அதிகம். "இவ்வளவுதானா?" என்றார். கெட்டுப்போன லக்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் போச்சு என்று சொன்னவர்களை எல்லாம் தேடித் தேடிப் போய்க் காட்டினார்.

பின் த்ரஸ்டர் வேறு ரகம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி காயில். கண்ட்ரோல் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு காயிலில் இருந்தால் இப்போது ஜாய்ஸ்டிக்கின் வலது பக்கத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, ஜாய்ஸ்டிக்கின் இடது பக்கம்தான் இன்னும் ஊமை. எனவே குற்றவாளி ஜாய்ஸ்டிக்குக்கும் சொலனாய்டுக்கும் நடுவில். ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கப் பெட்டிக்குள் போனேன். அங்கே அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம்! நீர்நாய். இந்த ஊரில் நீர்நாய்கள் போட்டின் பின்பெட்டிக்குள் குடித்தனம் வைக்கும், மீன் தின்னும், அங்கேயே கழிக்கும். நம்மூர் கருவாட்டுக் கடையை வெயிலில் ஒரு வாரம் பூட்டி வைத்தாலும் இந்த வாசனை வராது. அவை கழிப்பறையாகத் தேர்ந்தெடுத்த இடம் சரியாக அந்த பிளக்குக்கு மேலே. ஒரு பின் கரைந்தே போயிருந்தது. பிளக்கை மாற்றி, அவை நுழைந்த ஓட்டையை வலை வைத்து அடைத்தேன். அன்று வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று உங்கள் மருமகள் உத்தரவு போட்டாள்.

நீர்நாயைப் பற்றி நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. பக்கத்தில் சான் யுவான் என்று ஒரு தீவு, அது யாருக்கு என்று 1859இல் அமெரிக்காவும் இங்கிலாந்தும் படையோடு வந்து நின்றனவாம். காரணம், தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மேய்ந்த இங்கிலாந்துக்காரர்களின் பன்றியை ஒரு அமெரிக்கர் சுட்டுவிட்டார். செத்தது அந்தப் பன்றி மட்டும்தான். 1872இல் ஜெர்மன் சக்கரவர்த்தி தீர்ப்புச் சொல்லி தீவு அமெரிக்காவுக்கு வந்தது. பன்றிக்கே அத்தனை என்றால் நீர்நாய் விஷயத்தில் நான் வாயைத் திறப்பேனா?

ஒன்று மட்டும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே வீட்டு 120 வோல்ட் லைனில் கறுப்பு ஒயர்தான் ஃபேஸ்! நம்மூரில் கறுப்பு நியூட்ரல் என்று பழகிய கைக்கு இது எமன். போட்டிலும் கரைக் கரண்ட் வரும் என்பதால், குழப்பம் வேண்டாமென்று டி.சி. நெகட்டிவுக்கு மஞ்சள் போடச் சொல்கிறார்கள். பழைய போட்டுகளில் அதுவும் கறுப்பாகவே இருக்கும். மீட்டர் வைக்காமல் எந்த ஒயரையும் நான் தொடுவதில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்போது முக்கிய விஷயம். ஸ்கிராப் தொட்டியிலிருந்து ஒரு த்ரஸ்டர் மோட்டாரை எடுத்து வைத்திருக்கிறேன், முதலாளியிடம் கேட்டுத்தான். ஃபீல்டு காயில் நன்றாக இருக்கிறது. ஆர்மேச்சரில் இரண்டு பட்டை கருகி, கம்யூட்டேட்டரோடு சேரும் இடத்தில் விட்டுப் போயிருக்கிறது. பட்டையை உடைக்காமல் ஸ்லாட்டிலிருந்து எப்படி உருவுவது? சூடு காட்டலாமா, அடியில் இருக்கும் இன்சுலேஷன் தாங்குமா? படங்களை அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். பதிலைக் கடிதமாகவே எழுதுங்கள். அளவு, கேஜ் எல்லாம் போட்டு, கூடவே உங்கள் கையால் ஒரு படமும் போடுங்கள்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.

பி.கு.: கேப்டன் விஷயத்தை அந்தக் கல்யாண வீட்டார் மறுபடி கேட்டால், எந்தக் கப்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.