ரேடார் டிடெக்டரும் நாலு முழ ஒயரும்

அமெரிக்காவில் கார் ஓட்டும் நம்மவர்கள் ரேடார் டிடெக்டர் பற்றித் தொடர்ந்து எழுதிக் கேட்கிறார்கள். போலீஸின் வேக ரேடாரை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும் சின்னப் பெட்டி அது. வாங்கலாமா என்று கேட்பவர்களைவிட, வாங்கியதை எப்படி ஒழுங்காக மாட்டுவது என்று கேட்பவர்கள்தான் அதிகம். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: டிடெக்டரின் ஒயர் விண்ட்ஷீல்டிலிருந்து சிகரெட் லைட்டர் சாக்கெட் வரை துணிக்கொடி மாதிரி தொங்குகிறது. வீட்டுக்காரம்மா ஏறும்போதெல்லாம் முறைக்கிறார். வழி உண்டா? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: அவர் முறைப்பது நியாயம். கியர் மாற்றும் கை அந்த ஒயரில் சிக்கினால் அழகுப் பிரச்சினையோடு நிற்காது.

முதலில் உங்கள் காரின் உள் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் தானாக மங்குகிற கண்ணாடியா? அப்படியானால் அதன் முதுகு வரைக்கும் கம்பெனிக்காரர்களே கரண்ட் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து டிடெக்டருக்கு ஒரு சாண் ஒயர் போதும். ‘மிரர் டேப்’ என்று இதற்கென்றே விற்கிறார்கள். ஒரு முனையில் பழைய டெலிபோன் ஜாக் மாதிரி ஆர்ஜே-11 பிளக், மறுமுனையில் கண்ணாடியின் கனெக்டருக்குள் செருகுகிற இரண்டு மெல்லிய ஊசிகள். எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஜாக் பொருந்திவிட்டது என்பதற்காக வேறு கம்பெனி ஒயரைச் செருகாதீர்கள். பிளக் ஒரே வடிவமாக இருந்தாலும் உள்ளே ப்ளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கலாம். உங்கள் மாடலுக்கு என்று சொல்லி விற்பதையே வாங்குங்கள்.

கே: மிரர் டேப் மாட்டினேன். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் டிடெக்டருக்கு உயிர் வருகிறது. டிடெக்டரில் கோளாறா? (சார்லட், வட கரோலினா)

ப: டிடெக்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசி ஒரு பின் தள்ளிப் போய்விட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி மங்காமல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதற்குத் தனியாக ஒரு ரிவர்ஸ் ஒயர் போகிறது. நீங்கள் பிடித்திருப்பது அதை.

மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனையை வெறும் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். இக்னிஷன் ஆன் செய்ததும் 12 வோல்ட், ஆஃப் செய்ததும் பூஜ்யம், ரிவர்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் மாற்றமில்லை என்றால் அதுதான் உங்கள் பின். ரிவர்ஸ் போட்டுப் பார்க்கும்போது பிரேக்கில் கால் இருக்கட்டும்.

கே: என் காரில் கண்ணாடிக்கு ஒயரே போகவில்லை. ஃபியூஸ் பாக்ஸில் கைவைக்கப் பயமாக இருக்கிறது அண்ணே. (டாலஸ், டெக்ஸஸ்)

ப: பயம் நல்லதுதான் தம்பி, அதோடு ஒரு டெஸ்ட் லைட்டும் இருக்கட்டும்.

கடையில் ‘ஃபியூஸ் டேப்’ என்று கேளுங்கள். ஒரு பழைய ஃபியூஸை உருவி, அதே பள்ளத்தில் இதைச் செருகினால், பழைய ஃபியூஸுக்கு ஒரு வீடு, டிடெக்டரின் புது ஃபியூஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு. மினி, லோ-ப்ரொஃபைல் மினி, மைக்ரோ-2 என்று ஃபியூஸில் பல அளவு உண்டு. உங்கள் காரின் ஃபியூஸைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். டிடெக்டர் குடிப்பது பெரும்பாலும் அரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கையில் கிடைத்தது என்று 15 ஆம்பியரைச் செருகாதீர்கள். ஃபியூஸ் காப்பது டிடெக்டரை மட்டுமல்ல, நூல் மாதிரியான அந்த ஒயரையும்தான்.

எந்த ஃபியூஸை உருவலாம்? சாக்கெட், ரேடியோ, சன்ரூஃப் போன்றவை. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ்களின் பக்கமே போகாதீர்கள்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபியூஸ் டேப்பைத் திருப்பிச் செருகினாலும் டிடெக்டர் எரியும். ஆனால் அப்போது அதன் கரண்ட் பழைய ஃபியூஸ் வழியாக வந்து, பிறகு புது ஃபியூஸுக்குள் போகும். பழைய ஃபியூஸ் இரண்டு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். சரியாகச் செருகியிருக்கிறீர்களா என்று பார்க்க எளிய வழி: டேப்பைச் செருகிவிட்டு அதிலுள்ள பழைய ஃபியூஸை மட்டும் உருவுங்கள். டிடெக்டர் இன்னும் எரிந்தால் சரி. அணைந்தால் டேப்பை எடுத்துத் திருப்பிச் செருகுங்கள்.

கிரவுண்ட் ஒயருக்கு டேஷ்போர்டின் அடியில், பாடியில் இறங்கியிருக்கும் ஒரு போல்ட்டைத் தேடுங்கள். போல்ட்டின் அடியில் பெயின்ட் இருந்தால் கொஞ்சம் சுரண்டி உலோகம் தெரிந்த பிறகு முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கிய ஸ்க்ரூவில் சுற்றிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஒயரில் நடுவே கடித்துப் பிடிக்கிற கிளிப் கனெக்டர்கள் மலிவாகக் கிடைக்கும். அவை உள்ளே இருக்கும் செம்பு இழைகளை நறுக்கிவிடக்கூடியவை. என் காரில் அவற்றுக்கு இடமில்லை.

கே: டிசம்பரில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. குளிராலா, டிடெக்டராலா? (நேப்பர்வில், இல்லினாய்)

ப: இரண்டும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் ஃபியூஸில் இணைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் போடுங்கள்: 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு சுமார் 7 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. சிகாகோ பக்கத்துக் குளிரில் பேட்டரியின் சக்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். இக்னிஷனோடு சேர்ந்து அணைகிற ஃபியூஸுக்கு மாற்றுங்கள். சில கார்களில் லைட்டர் சாக்கெட்டே எப்போதும் உயிரோடு இருக்கும். அதில் செருகியிருந்தாலும் இதே கதிதான்.

கே: ஏ-பில்லர் பிளாஸ்டிக்குக்குள் ஒயரைத் திணித்து ஒரு கடைக்காரர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மனசு ஏதோ சொல்கிறது. (ஆஸ்டின், டெக்ஸஸ்)

ப: மனசு சரியாகத்தான் சொல்கிறது. அந்தத் தூணின் பிளாஸ்டிக்கில் ‘ஏர்பேக்’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். விண்ட்ஷீல்டுக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் அந்தத் தூணுக்குள், கூரை ஓரமாக மடித்து வைத்த நீள ஏர்பேக் ஓடுகிறது. விபத்தில் அது விரிய ஆகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. அதன் முன்னால் ஒயர் குறுக்கே போயிருந்தால் பை சரியாக விரியாமல் போகலாம். ஒயரும் கிளிப்பும் உங்கள் முகத்தின் மேலேயே பாயலாம். டிடெக்டர் விவகாரத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

ஒயர் ஏர்பேக்குக்குப் பின்னால், பைக்கும் கார் பாடியின் உலோகத்துக்கும் நடுவே போக வேண்டும். அங்கே கம்பெனி ஒயர்க்கட்டு ஒன்று இறங்கிவரும். அதோடு சேர்த்துக் கேபிள் டை போட்டு, வாலை நறுக்கிவிட வேண்டும். இதற்குத் தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றியே ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் திணித்ததாகச் சொல்கிறீர்களே, அவர் கழற்றினாரா என்று கேளுங்கள். கழற்றும் முன் பேட்டரியின் மைனஸைப் பிரித்துவிட்டு, உங்கள் கார் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். பல கார்களில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கிளிப் சாதாரணக் கிளிப் அல்ல. ஏர்பேக் வெடிக்கும்போது பிளாஸ்டிக் பறந்துவிடாமல் கட்டி வைப்பதும் அதுதான். உடைந்தால் புதுசு போடுங்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள்.

மேலே விண்ட்ஷீல்டின் ஓரத்தில் அவ்வளவு பாடு இல்லை. கூரைத் துணியின் விளிம்பை விரல் நுனியால் லேசாகத் தாழ்த்தினால் ஒரு இடைவெளி திறக்கும். ஒயரை வைத்து அழுத்திக்கொண்டே போனால் அதுவே விழுங்கிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், துணி கிழியும். பிளாஸ்டிக் ட்ரிம் டூல் போதும்.

கே: டெஸ்லாவில் ஃபியூஸ் டேப் எங்கே செருகுவது? (பெல்வியூ, வாஷிங்டன்)

ப: மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் உருவிச் செருகும் ஃபியூஸ் பாக்ஸ் கிடையாது. அந்த வேலையை எலெக்ட்ரானிக் சர்க்யூட் செய்கிறது. கரண்டைக் கண்ணாடியிலிருந்து எடுங்கள், அல்லது நடுக் கன்சோலின் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். கண்ணாடிக்கு மேலே இருக்கும் கேமராக்களை மட்டும் மறைக்காதீர்கள்.

கே: நாங்கள் ஆஷ்பர்னுக்குக் குடிமாறப்போகிறோம். டிடெக்டரை ஒயரோடு நிரந்தரமாக இணைத்துவிட்டேன். வர்ஜீனியாவில் தடை என்கிறார்கள், உண்மையா? (மேரிலாந்து வாசகி)

ப: உண்மை அம்மா. சாதாரணக் கார்களில் ரேடார் டிடெக்டருக்குத் தடை போட்டிருக்கும் மாநிலம் வர்ஜீனியா. தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. போட்டோமாக் பாலத்தைத் தாண்டும்போது சட்டமும் மாறுகிறது.

வர்ஜீனியா சட்டத்தின் 46.2-1079 பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கருவிக்குக் கரண்ட் இணைப்பு இல்லாமலும், ஓட்டுநருக்கோ பயணிக்கோ எளிதில் எட்டாத இடத்திலும் இருந்தால் குற்றமில்லை. அதாவது பிளக்கைப் பிடுங்கி டிக்கியில் போட வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டால் போதாது. மறைத்து வைத்துப் பயன்படுத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். டிடெக்டரே மெல்லிய அலையை வெளியே கசியவிடுகிறது, அதை மோப்பம் பிடிக்கும் கருவியும் போலீஸுக்கென்று உண்டு.

நிரந்தர இணைப்பு என்றாலும், டிடெக்டர் பக்கத்து பிளக் ஒரு விநாடியில் கழன்றுவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். குடியே மாறுவதால் நீங்கள் மொத்தமாகக் கழற்றிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 85 மைலைத் தாண்டினாலோ, அனுமதித்த வேகத்தைவிட 20 மைல் கூடினாலோ அது ‘ரெக்லெஸ் டிரைவிங்’. தபாலில் பணம் கட்டி முடிக்கிற அபராதச் சீட்டு அல்ல, கோர்ட்டில் நடக்கும் கிரிமினல் வழக்கு. விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி இருக்கிறது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

கே: கலிஃபோர்னியாவில் விண்ட்ஷீல்டில் ஒட்டலாமா? (ஃப்ரீமான்ட்)

ப: கருவிக்குத் தடையில்லை, கண்ணாடியில் கண்ட இடத்தில் ஒட்டுவதற்குத்தான் தடை. உறிஞ்சு கப்பைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டின் மேல் வையுங்கள், அல்லது உள் கண்ணாடியின் தண்டில் பிடிக்கும் மவுன்ட் வாங்குங்கள்.

கே: நண்பர் பெரிய டிரக் ஓட்டுகிறார். என் பழைய டிடெக்டரை அவருக்குக் கொடுக்கட்டுமா? (ஃப்ரெஸ்னோ)

ப: வேண்டாம். 10,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வணிக வண்டிகளில் எந்த மாநிலமானாலும் கூடாது, அது மத்திய அரசின் விதி. உங்கள் அன்பு அவர் லைசென்ஸுக்கு உலை வைக்கும்.

கே: பக்கத்து லேனில் கார் வந்தாலே கத்துகிறது. கடை வாசலிலும் கத்துகிறது. (அட்லான்டா, ஜார்ஜியா)

ப: போலீஸ் ரேடார்களில் ஒரு வகை கே பேண்டில், 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். பல கார்களின் பிளைண்ட்-ஸ்பாட் சென்சாரும், கடைகளின் தானியங்கிக் கதவும் அதே இடத்தில்தான் பேசும். செட்டிங்கில் கே பேண்ட் ஃபில்டரை ஆன் செய்யுங்கள். ஜிபிஎஸ் உள்ள மாடல் என்றால் கடை வாசலை அதுவே நினைவில் வைத்து வாயை மூடிக்கொள்ளும். மாட்டிய இடத்தையும் பாருங்கள். முன்பக்கம் வைப்பர் மறைக்கக் கூடாது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட விண்ட்ஷீல்டில் ரேடார் அலை பெரும்பாலும் உள்ளே வராது. அப்படிப்பட்ட கண்ணாடிகளில் பூச்சு இல்லாத ஒரு சின்னத் திட்டு பெரும்பாலும் உள் கண்ணாடித் தண்டின் பக்கத்தில் இருக்கும். அங்கே வையுங்கள்.

கே: பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். இவர் டிடெக்டரை நம்பி விரட்டுகிறார். ‘மெதுவாகப் போனால் இந்தச் செலவே வேண்டாமே’ என்கிறேன். யார் சரி? (எடிசன் வாசகி)

ப: நீங்கள்தான் அம்மா. அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: பென்சில்வேனியாவில் நீண்ட காலமாக ரேடார் கன் ஸ்டேட் போலீஸுக்கு மட்டும்தான். உள்ளூர் போலீஸ் சாலையில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, கார் கடக்கும் நேரத்தை அளந்தே வேகத்தைக் கணக்கிடுவார்கள். அதில் அலையே கிடையாது, டிடெக்டருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. லேசர் கன்னோ உங்கள் கார் மேல் பட்ட பிறகுதான் டிடெக்டருக்குத் தெரியும். அதற்குள் போலீஸிடம் எண் விழுந்திருக்கும். 1974-ல் அமெரிக்கா முழுக்க 55 மைல் என்று கட்டுப்பாடு வந்தபோது, சாலைகள் காலியாகக் கிடக்கப் போலீஸ் விரட்டிப் பிடித்த காலத்தில் பிரபலமான கருவி இது. அசந்திருக்கும்போது ஓட்டுநரை உஷார்ப்படுத்த இன்றைக்கும் உதவும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கும் காரை விரட்டுவதற்கு அது துணையாகாது.

கே: அமெரிக்காவிலிருந்து தம்பி வருகிறான். மதுரை–சென்னை ஓட்டத்துக்கு ஒன்று வாங்கிவரச் சொல்லட்டுமா? (மதுரை)

ப: டேஷ்கேம் வாங்கிவரச் சொல்லுங்கள். நம் ஹைவேயில் நிற்கும் கேமராவுக்கும் லேசர் கன்னுக்கும் டிடெக்டர் பெரிதாக உதவாது. லாரி குறுக்கே வந்து இடித்துவிட்டு உங்கள் மேலேயே பழி போடும்போது டேஷ்கேம் பேசும். மேலே சொன்ன ஃபியூஸ், கிரவுண்ட், ஏர்பேக் பாடம் எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம்: நிறுத்திய பிறகும் படம் பிடிக்க வேண்டும் என்றால் அதன் ஹார்ட்வயர் கிட்டில் மூன்று ஒயர் இருக்கும். ஒன்று எப்போதும் உயிருள்ள ஃபியூஸுக்கு, ஒன்று சாவியோடு அணையும் ஃபியூஸுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. வோல்டேஜ் இறங்கினால் தானாக அணையும் வசதி உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கே: என்னுடையது லீஸ் கார். திருப்பிக் கொடுக்கும்போது மாட்டிக்கொள்வேனா? (ஜெர்சி சிட்டி)

ப: எதையும் வெட்டாமல் மாட்டியிருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஃபியூஸ் டேப்பை உருவி, பழைய ஃபியூஸை அதன் பள்ளத்தில் வையுங்கள். கிரவுண்ட் போல்ட்டை முடுக்குங்கள். கேபிள் டைகளை வெட்டும்போது கம்பெனி ஒயர்க்கட்டின் மேல் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஃபியூஸ் எந்தப் பள்ளத்துக்கு என்று குழம்பாமல் இருக்க, மாட்டுகிற அன்றே அதன் ஆம்பியரையும் பள்ளத்தின் எண்ணையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.