குருமாவைக் காப்பாற்றிய நாடாளுமன்றம்

கீழக்கரையில் பெருநாள் அன்று குருமா கொதித்தால் தெருமுனை வரை தெரியும். அந்தக் குருமாவைக் கெட்டியாக்குவதில் தேங்காய்க்கு அடுத்த இடம் கசகசாவுக்கு. அதே கசகசாவில் ஒரு பொட்டலத்தை, துபாயில் வேலை பார்க்கும் மகனின் பெட்டியில் அம்மா பாசத்தோடு வைத்துவிட்டார் என்று வையுங்கள். அங்கே ஏர்போர்ட்டில் அது மசாலா அல்ல, தடை செய்யப்பட்ட போதைச் சரக்கு. மகன் டியூட்டிக்குப் போவதற்கு முன் விசாரணைக்குப் போக வேண்டியதுதான்.

சரி, நம் ஊரில் மட்டும் அந்த அம்மாவை ஏன் யாரும் பிடிக்கவில்லை? 1985-ல் டெல்லியில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எழுதிய மேதைகள் அபின் தரும் கசகசாச் செடியின் ஒவ்வொரு பாகத்தையும் தடை வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, ‘விதை நீங்கலாக’ என்று அடைப்புக்குறிக்குள் நைசாகச் சேர்த்தார்கள். கஞ்சாவிலும் இதே கதை: பூ இல்லாமல் இலை மட்டும் இருந்தால் சட்டப்படி அது கஞ்சாவே இல்லை. முதல் சலுகையால் தெற்கே குருமா தப்பியது. இரண்டாவதால் வடக்கே ஹோலி பண்டிகையில் இலையை அரைத்துக் குடிக்கும் பாங்கு தப்பியது. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

சட்டம் வந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 23-ல் மசோதா அறிமுகம். செப்டம்பர் 16-ல் ஜனாதிபதி கையெழுத்து. பத்து வருஷத்தில் தொடங்கி இருபது வருஷம் வரை உள்ளே தள்ளும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயர் ஜெயில் சிங். இது நான் கட்டிவிட்ட ஜோக் இல்லை, கெஜட்டில் இருக்கிறது! அமலுக்கு வந்த நாள் நவம்பர் 14. குழந்தைகள் தினத்துக்கு அரசாங்கம் கொடுத்த மிட்டாய்.

அதற்கு முன் இருந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ரொம்ப சாது. முதல் தடவை மாட்டினால் அதிகபட்சம் மூன்று வருஷம். மறுபடி மாட்டினால்? நான்கு. தொழிலில் நீடித்து உழைத்தவருக்கு ஒரே ஒரு இன்கிரிமென்ட்.

இந்தக் கருணைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இந்திய அபினில் கல்லா கட்டிய பிரிட்டிஷ் சர்க்காருக்கு லண்டனிலேயே எதிர்ப்புக் கிளம்ப, 1893-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். தலைவர் பிராஸ்ஸி பிரபு, சொந்தப் பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றிவந்த பணக்காரர். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து, ஏழு தடிமனான தொகுதிகளில் அவர்கள் கண்டுபிடித்த உண்மை இதுதான்: வெள்ளைக்காரனுக்குச் சாராயம் எப்படியோ, இந்தியனுக்கு அபின் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை. ஹென்றி வில்சன் என்ற ஒரே ஒரு உறுப்பினர்தான் ‘இது அநியாயம்’ என்று முரண்டு பிடித்தார். சர்க்கார் அவர் கருத்தை மிகவும் மரியாதையாக அச்சடித்து, அதைவிட மரியாதையாக மறந்துவிட்டது.

வயலில் விளைந்த அபினுக்கே இந்தக் கூத்து என்றால், லேபில் விளைந்ததற்குக் கேட்கவா வேண்டும்? 1897 ஜனவரி 26-ல் சிகாகோ புகழோடு சுவாமி விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கினார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஜனங்களோடு ஜனமாக வண்டியை இழுத்தார். அந்தப் பரவசம் இங்கே அடங்கி ஏழு மாதம் ஆவதற்குள், ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் இரண்டு வார இடைவெளிக்குள் இரண்டு மருந்து சமைத்தார். ஒன்று ஆஸ்பிரின், இன்னொன்று ஹெராயின்.

கம்பெனியில் மருந்துகளைச் சோதிக்கும் ஹைன்ரிச் டிரெஸர் பெரிய மேதாவி. இரண்டையும் ஆராய்ந்தார். ஆஸ்பிரின் இதயத்துக்குக் கெடுதல் என்று ஓரம் கட்டினார். ஹெராயினை, இருமலுக்கு இதைவிட நல்லது கிடையாது என்று மேடையேறிப் பாராட்டினார். இருமல் என்னவோ நின்றது. மருந்தைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஹெராயினாவது பாதி செடி, பாதி லேப். முழுக்க முழுக்க லேபில் பிறந்த ஓபியாய்டுகளில், அதாவது அபின் ரக மருந்துகளில், ஒன்று டிராமடால். 1962-ல் உருவாக்கியது ஜெர்மனியின் குரூனென்தால் கம்பெனி. கருவில் இருந்த குழந்தைகளின் கை கால்களைப் பறித்த தாலிடோமைடை விற்ற அதே கம்பெனிதான். இந்தத் தடவை, மார்ஃபின் மாதிரி அடிமைப்படுத்தாத சாதுவான வலி மாத்திரை என்று பெயர் வாங்கிவிட்டார்கள். சர்வதேசத் தடைப் பட்டியல்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சாதுப் பிள்ளை, போகட்டும்!

பிள்ளை எங்கே போனான் தெரியுமா? 2013-ல் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஒரு மரத்தின் வேரில் டிராமடால் இருப்பதைக் கண்டு துள்ளிக் குதித்தார்கள். மனிதன் லேபில் செய்த மருந்தை இயற்கை முன்பே செய்து வைத்திருக்கிறதே, அடடா! மறு வருஷமே ஜெர்மனியிலிருந்து வேறொரு குழு வந்து விளக்கம் சொன்னது: அந்த ஊர் விவசாயிகள் களைப்புத் தெரியாமல் உழைக்க டிராமடால் விழுங்குகிறார்கள், வெயிலில் உழும் மாட்டுக்கும் கொடுக்கிறார்கள், மாடு மூத்திரம் பெய்கிறது, மரம் அதை உறிஞ்சுகிறது. இயற்கையின் அதிசயம் என்று கொண்டாடப்பட்டது மாட்டு மூத்திரம்.

இப்படி மாடு வரைக்கும் தின்று தீர்க்கும் அளவுக்கு மாத்திரை எங்கிருந்து போயிற்று? பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான். 2017-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் மூன்று கன்டெய்னர்களைத் திறந்து பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று கோடியே எழுபது லட்சம் டிராமடால் மாத்திரைகள்! ஆவணத்தில் இருந்த பெயர்: போர்வை, ஷாம்பூ. தூங்கினாலும் சரி, குளித்தாலும் சரி என்று விட்டுவிட்டார்கள் போல.

அடுத்த வருஷம், 2018 ஏப்ரலில், இந்தியா டிராமடாலைப் போதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கண் கெட்ட பிறகு என்றாலும் சூரிய நமஸ்காரம் நமஸ்காரம்தானே. ஆனால் சந்தை, சட்டம் படித்துவிட்டு அழுதுகொண்டு உட்காரவில்லை. டேபென்டடால் என்ற அடுத்த மாத்திரைக்கு மாறிக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அது தசைப்பிடிப்பு மருந்தோடு கலந்து போகிறது என்று பிபிசி அம்பலப்படுத்தியதும், 2025 பிப்ரவரியில் அந்தக் கலவைக்கான ஏற்றுமதி அனுமதியை அரசு ரத்து செய்தது. டேபென்டடாலை உருவாக்கியது யார் என்று கேட்கிறீர்களா? அதே குரூனென்தால்.

இதுவரை சொன்னதெல்லாம் ட்ரெய்லர். 2014-ல் நம் நாடாளுமன்றம் ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பியது. புற்றுநோயாளிகள் வலியில் துடிக்கும்போது மார்ஃபின் கிடைக்காத கொடுமையைத் தீர்க்க, ‘அத்தியாவசியப் போதை மருந்து’ என்று ஒரு புது விளக்கத்தை இரண்டாம் பிரிவில் 8ஏ என்ற எண்ணில் குடியேற்றினார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த ‘சட்டவிரோதக் கடத்தல்’ பக்கத்து வீட்டுக்கு, அதாவது 8பி-க்கு நகர்ந்தது. கடத்தலுக்குப் பணம் போடும் முதலாளிகளைப் பிடிக்கும் 27ஏ பிரிவுக்கு மட்டும் முகவரி மாறிய சேதியை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு 8ஏ வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததோ புற்றுநோயாளியின் வலி மருந்து.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏழு வருஷம்! வக்கீல்கள், அதிகாரிகள், எம்.பி.க்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். கடைசியில் அதைக் கவனித்தது யார்? திரிபுராவில் ஒரு வழக்கில் மாட்டியவரின் தரப்பு. சட்டத்தை வரி விடாமல் படிப்பதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கும் வராது.

2021-ல் திரிபுரா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு அவசரச் சட்டம், டிசம்பரில் திருத்தச் சட்டம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மசோதாவை நிறைவேற்றினார். அதிலும் ஒரு நுணுக்கம்: திருத்தம் 2014 மே 1 முதலே அமலில் இருந்ததாகக் கருத வேண்டுமாம். டைம் மெஷினை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நம் சட்டத்துறையிடம் ஸ்டாக்கிலேயே இருக்கிறது.

எடை பார்த்துத் தண்டனையை முடிவு செய்யும் தராசிலும் இதே கூத்துதான். நாலு கிலோ ஹெராயினில் கலப்படம் போக அசல் சரக்கு ஒன்றரை சதவீதம்தான், அதை மட்டும் நிறுத்தால் போதும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இல்லை, கலந்த மாவையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று 2020-ல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. கலப்படம் செய்தவனுக்கு இந்த நாட்டில் தண்டனை கூடியது இந்த ஒரு தொழிலில்தான்.

சரி, சேது நாடான ராமநாதபுரத்துக் கரைக்குத் திரும்புவோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்; நடுவே மணல் திட்டுகள் வேறு. இங்கே காவல் நிற்க நம் சினிமா மந்திரிகள் யாரை அனுப்புவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கோபம் வந்தால் அடுத்த வசனம், “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!” நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரத்தைத் தாலுகாவாக வைத்திருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்தப் பெயர்.

அங்கே வந்து சேரும் அதிகாரி, வேதாளை பக்கமோ மண்டபம் பக்கமோ ராத்திரி ஒரு பைபர் படகை மடக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று மூட்டை. முதல் மூட்டையில் மஞ்சள். ஆமாம் சார், மஞ்சள்தான்! உள்ளூர் விவசாயியை வாழ வைக்கிறேன் என்று இலங்கை 2019 கடைசியில் இறக்குமதியை நிறுத்தியதும், நம் வீட்டு வாசல்படியில் பூசும் மஞ்சள் நடுக்கடலில் கடத்தல் சரக்காகிவிட்டது.

இரண்டாவது மூட்டையில் கடல் அட்டை. இங்கே அதைத் தொட்டால் 2001 முதல் புலியைத் தொட்ட மாதிரி, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை. அக்கரையில் லைசென்ஸ் வாங்கினால் ஜம்மென்று பிடித்து ஏற்றுமதி செய்யலாம். நடுவில் இருக்கும் எல்லைக்கோட்டைப் பற்றி அட்டைக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது மூட்டை மாத்திரை. டிராமடால் என்றால் போதைச் சட்டம் பாயும். ஆனால் இந்தக் கரையில் அடிக்கடி சிக்குவது ப்ரீகாபலின், நரம்பு வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை. அது ஓபியாய்டும் இல்லை, போதைச் சட்டத்தின் பட்டியலிலும் இல்லை. அதிகாரி சுங்கச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். ஆக, அட்டைக்கு வனத்துறை, மஞ்சளுக்கும் மாத்திரைக்கும் சுங்கத்துறை, படகை மடக்கியது போலீஸின் கியூ பிரிவு அல்லது மெரைன் போலீஸ். எந்தக் கேஸை யார் எழுதுவது என்று விடிய விடிய பேசலாம். படகு ஓட்டி வந்தவருக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மூன்று மூட்டைக்கும் சேர்த்து ஒரே வாடகைதான் பேசியிருப்பார்.